ஞானஸ்நானத்துக்கு முன் சாட்சியைத் தயார் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுக்கப்போகிறவரிடம் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்கிறார்கள்: "நாளைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லிடுங்க." இயேசுவை எப்படி விசுவாசித்தேன், அவரால் வாழ்க்கை எப்படி மாறியது என்று எல்லோருக்கும் முன் சொல்வதுதான் சாட்சி. அவரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் மைக் கைக்கு வந்ததும் குடித்த கதை, கடன் கதை, ஆஸ்பத்திரிக் கதை என்று இருபது நிமிடம் ஓடிவிடும். இயேசுவின் பெயர் கடைசி அரை நிமிடத்தில் வந்து போகும். வந்திருந்த சொந்தக்காரர்கள் மனதில் நிற்பது அந்தக் குடிதான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் புது விசுவாசிகளோடு உட்கார்ந்து சாட்சி எழுத உதவி வருகிறேன். தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் முதலாவது வரிசை. சாட்சியைச் சொல்லும்போது முன்பு (பழைய வாழ்க்கை), மீட்பு (இயேசு என்னை இரட்சித்தது), பின்பு (அதற்கப்புறம் வந்த மாற்றம்) என்று போகிறோம். தயார் செய்யும்போது மீட்பை முதலில் எழுத வேண்டும், அடுத்து பின்பு, கடைசியில்தான் முன்பு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆற்காடு லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, இப்போது திடப்படுத்தலின்போதோ (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஆராதனை) வாலிபர் கூட்டத்திலோ சாட்சி சொல்லப்போகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

இரண்டு வாரமாவது கையில் இருக்கட்டும். சில படிகளில் மற்றவர்களிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும், ஒரே ராத்திரியில் நடக்காது.

ஒரு நோட்டு, வேதாகமம், அப்புறம் உங்கள் வீட்டில் உங்களைப் பார்த்துப் பயப்படாமல் உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவர். மூன்றாவதுதான் கிடைப்பது கஷ்டம். மனைவியாக இருக்கலாம், கல்லூரிக்குப் போகிற மகளாக இருக்கலாம். சபையில் உள்ளவர் வேண்டாம். அவர் உங்களை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்க்கிறார்.

எழுத உட்காருமுன் நான்கு பகுதிகளை வாசியுங்கள்: அப்போஸ்தலர் 22, அப்போஸ்தலர் 26, எபேசியர் 2:1-10, தீத்து 3:3-7. எபேசியரில் முதல் மூன்று வசனம் பழைய நிலை. நாலாம் வசனம் "தேவனோ" என்று தொடங்குகிறது, அங்கே எல்லாம் திரும்புகிறது. பத்தாம் வசனத்தில்தான் நற்கிரியைகள் வருகின்றன. உங்கள் சாட்சியின் எலும்புக்கூடு இதுதான்.

யூடியூபில் மற்றவர்களின் சாட்சிகளை இந்த இரண்டு வாரமும் பார்க்காதீர்கள். பார்த்தால் உங்களை அறியாமலே உங்கள் வாழ்க்கையை அவர்களுடைய கதைக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டத் தொடங்கிவிடுவீர்கள்.

2. முதலில் காலவரிசை

எழுதத் தொடங்கியதும் பலர் நின்றுபோவது "எந்த வருஷம்னு ஞாபகம் இல்லையே" என்ற இடத்தில். நம் பகுதியில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. பெருவெள்ளம் 2015 கடைசியில். ஊரடங்கு 2020 மார்ச். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. ஒரு பக்கத்தில் இவற்றை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போது எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், என்ன வேலை என்று குறித்துக்கொள்ளுங்கள். "தானே அடிச்சப்போ ஓடு பறந்த வீட்ல இருந்தோம், அதுக்கு அடுத்த வருஷந்தான் அக்கா ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க" என்று தானாகவே வரும்.

இது மேடையில் சொல்வதற்கு இல்லை. காலம் குழம்பினால் காரணமும் குழம்பிவிடும். "இரட்சிக்கப்பட்ட உடனே வேலை கிடைத்தது" என்று ஒருவர் சொல்வார். காலவரிசை போட்டுப் பார்த்தால் வேலை அதற்கு முன்பே கிடைத்திருக்கும். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை, நினைவு அப்படி அடுக்கிக்கொடுத்திருக்கிறது. தேவனுடைய பெயரில் பேசும்போது அந்த அளவு கவனம் வேண்டும்.

3. நடுப்பகுதி: மீட்பை எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுவதும் இதைத்தான்: "அப்புறம் ஆண்டவர் என்னைத் தொட்டார்." இந்த வரியைக் கேட்கிற பெரியப்பாவுக்கு என்ன புரியும்?

மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

முதலாவது: எதிலிருந்து மீட்கப்பட்டேன்? வியாதி, கடன், பில்லிசூனிய பயம் என்று எழுதத் தோன்றும். அவற்றிலிருந்தும் விடுதலை கிடைத்திருக்கலாம், நன்றியோடு சொல்லுங்கள். ஆனால் இரட்சிப்பு அதற்கும் அடியில் உள்ள ஒன்றைப் பற்றியது. தேவனுக்கு முன் நான் குற்றவாளி, பாவம் என்னை ஆண்டது, அதிலிருந்து நானே வெளியே வர முடியவில்லை. ரோமர் 3:23-ம் 6:23-ம் இதைத்தான் சொல்கின்றன. உடம்பு சுகமான சாட்சி வேறு, பாவம் மன்னிக்கப்பட்ட சாட்சி வேறு. ஞானஸ்நானத் தண்ணீரில் நிற்கும்போது இரண்டாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது: யார், என்ன விலை கொடுத்து? அடகுக் கடையில் கிடக்கும் நகை தானாக வீட்டுக்கு வராது, ஒருவர் பணம் கட்டி மீட்டால்தான் வரும். நகையின் முயற்சி அதில் எதுவும் இல்லை. இந்த உவமையை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடைக்காரர் யார் என்றெல்லாம் இழுக்க வேண்டாம். வேதம் சொல்வது தெளிவாக இருக்கிறது: வெள்ளியினாலும் பொன்னினாலும் இல்லை, கிறிஸ்துவின் இரத்தத்தினாலே என்கிறது 1 பேதுரு 1:18-19. எகிப்தில் பஸ்கா ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீட்டை அழிவு கடந்துபோனது. அதே ஆட்டுக்குட்டியின் படத்தைத்தான் பேதுரு எடுத்துக்கொள்கிறார். உங்கள் சொந்த வார்த்தையில் இதை இரண்டு மூன்று வாக்கியமாக எழுதுங்கள்: இயேசு சிலுவையில் எனக்குப் பதிலாக மரித்தார், உயிர்த்தெழுந்தார், அதனால் எனக்கு மன்னிப்பு கிடைத்தது.

மூன்றாவது: நான் எப்படி அதை ஏற்றுக்கொண்டேன்? எங்கே, யார் சொல்லிக் கேட்டேன், எந்த வசனம், மனதில் என்ன நடந்தது. மனந்திரும்புதலும் விசுவாசமும் இதில் தெரிய வேண்டும்.

"எனக்குத் தேதியே தெரியாது, மெல்ல மெல்லத்தான் புரிந்தது" என்று தயங்குபவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். அப்போஸ்தலர் 16-ல் பிலிப்பி பட்டணத்தில் இரண்டு பேர் விசுவாசிக்கிறார்கள். லீதியாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார், அவ்வளவுதான். சிறைச்சாலைக்காரனுக்கு நடுராத்திரியில் பூமி அதிர வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. இயேசுவின் பெயர் வரும் இடத்தில் "ஒரு நல்ல டாக்டர்" அல்லது "ஒரு நல்ல நண்பர்" என்று போட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே நிற்கிறதா? நின்றால் சிலுவை இன்னும் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். திரும்ப எழுதுங்கள்.

4. பின்பு: வீட்டில் கேட்டு எழுதுங்கள்

இந்தப் பகுதியை நீங்களே எழுதாதீர்கள். வீட்டில் உள்ள அந்த ஒருவரிடம் கேளுங்கள்: "நான் மாறியிருக்கேனா? எதுல? எதுல இன்னும் மாறல?" அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதிர்பார்க்கும் பதில் வராது. "பரிசுத்தமா வாழறார்" என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. "முன்ன மாதிரி வண்டிச் சாவி எங்கன்னு கேட்டுக் கத்தறதில்ல", "சம்பளக் கவர் பிரிக்காம வருது", "எங்க அம்மா வந்தா முகத்தைத் திருப்பிக்கிறதில்ல" என்றுதான் வரும். இவற்றை அப்படியே சாட்சியில் வையுங்கள். கலாத்தியர் 5:22-ன் ஆவியின் கனி ஒரு வீட்டுக்குள் இப்படித்தான் தெரியும். கேட்பவர்களுக்கும் இதுதான் நம்பும்படி இருக்கும்.

மாறாதவை பற்றி அவர் சொன்னதில் ஒன்றையாவது சேருங்கள். "அன்றிலிருந்து எனக்குக் கோபமே வந்ததில்லை" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டத்தில் இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தில் முழுச் சாட்சியும் விழுந்துவிடும். தேவன் நம்மை நீதிமானாக்குவது ஒரே தரம், பரிசுத்தத்தில் வளர்வது ஒவ்வொரு நாளும். பவுலே பிலிப்பியர் 3:12-ல் தான் இன்னும் தேறினவனாகவில்லை என்று எழுதுகிறார்.

இரட்சிக்கப்பட்ட பிறகு திரும்பவும் குடித்திருந்தால்? அதை மறைத்துக்கொண்டு மேடை ஏறாதீர்கள். போதகரிடம் தனியாகச் சொல்லுங்கள். தேதியைத் தள்ளிவைக்க வேண்டுமானால் தள்ளிவைக்கட்டும். விழுந்து எழுந்ததைச் சொல்லலாமா என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். "அன்றோடு மாத்திரையைத் தூக்கி எறிந்தேன்" என்று சொல்லாதீர்கள். கூட்டத்தில் சர்க்கரைக்கும் வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் எறிந்துவிடுவார்கள். குடியை விட்டதைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்துகூட வரலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். டாக்டர் கையாலும் கர்த்தர் உதவி செய்வார்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்ற தோற்றமும் வேண்டாம். விசுவாசத்துக்கு வந்ததால் வீட்டில் பேச்சு நின்றுபோனவர்கள் உண்டு, சொத்தில் பங்கு மறுக்கப்பட்டவர்களும் உண்டு. அந்த நடுவில் சமாதானம் எப்படி இருக்கிறது என்று சொன்னால், நாளைக்கு அதே நிலைக்கு வரப்போகிறவருக்கு அது கைப்பிடியாக இருக்கும்.

5. கடைசியாக முன்பு

மீட்பும் பின்பும் எழுதியாகிவிட்டதால், முன்பு எவ்வளவு வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பின்பகுதியில் கோபம் மாறியதைச் சொல்லியிருந்தால் முற்பகுதியில் கோபம் வேண்டும். அங்கே பதில் இல்லாத எதுவும் இங்கே தேவையில்லை. முற்பகுதியை முதலில் எழுதுபவர்களிடம் அது ஊதிப் பெருத்துவிடுவது, எங்கே நிறுத்துவது என்ற அளவு கையில் இல்லாததால்தான்.

பவுல் எருசலேம் ஜனங்களிடம் பேசும்போது (அப்போஸ்தலர் 22) பழைய வாழ்க்கைக்கு மூன்று வசனங்கள்தான், 3 முதல் 5 வரை. இயேசுவைச் சந்தித்ததற்கு 6 முதல் 16 வரை. அகிரிப்பா ராஜாவுக்கு முன் (அப்போஸ்தலர் 26) பழைய வாழ்க்கை நீள்கிறது, ஏனென்றால் அங்கே அவர் மேல் உள்ள குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: எருசலேமில் தன் ஆசிரியர் கமாலியேலையும் தமஸ்குவில் தன்னை வந்து பார்த்த அனனியாவையும் சொல்கிறார், அகிரிப்பாவிடம் இரண்டு பேரையும் விட்டுவிடுகிறார். ஒரே உண்மை, கேட்பவருக்கு ஏற்ற தேர்வு. நீங்களும் அப்படித் தேர்ந்தெடுக்கலாம், அதில் மறைப்பது ஒன்றும் இல்லை.

பாவத்தை ருசியாகச் சொல்லாதீர்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறி, புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையில் இறங்கிக் குடித்தது, எந்தக் கடை, என்ன சரக்கு, எத்தனை குவார்ட்டர் என்று விவரித்தால், விட்டுப் பத்து நாள் ஆன ஒரு தம்பி பின் வரிசையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பான். ரோமர் 6:21 ஒரு கேள்வி கேட்கிறது: அக்காலத்தில் உங்களுக்கு என்ன பலன் கிடைத்தது? அந்தப் பலனைச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டாமல் நின்ற பிள்ளை, ராத்திரி பைக் சத்தம் கேட்டதும் தூங்குவது போல் படுத்துக்கொண்ட மனைவி. பாவம் என்ன செய்யும் என்று புரிய அது போதும்.

6. சபையிலேயே வளர்ந்தவர்களுக்கு

"எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல, நான் சண்டே ஸ்கூல் பையன்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கும். பெரிய பாவம் செய்யவில்லையே என்று ஏங்க வைத்துவிட்டோமே என்று தோன்றும். தீமோத்தேயு பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் கையில் சிறுவயதிலிருந்தே வேத எழுத்துக்களை அறிந்தவன். அவனுக்கும் இரட்சிப்பு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால்தான் என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 3:15).

உங்கள் "முன்பு" லூக்கா 15-ன் மூத்த மகன் பக்கத்தில் இருக்கும். வீட்டைவிட்டுப் போகவில்லை, ஆனால் தகப்பனுடைய சந்தோஷத்தில் பங்கில்லை. ஒழுங்காக இருந்த பெருமை, மற்றவர்களை மட்டமாகப் பார்த்தது, வசனம் மனப்பாடமாகத் தெரிந்தும் ஜெபிக்கத் தெரியாமல் இருந்தது. இவற்றை நேர்மையாக எழுதினால் போதும். இல்லாத பாவத்தைச் சேர்க்காதீர்கள்.

7. பேசுமுன் தீர்க்க வேண்டியவை

முற்பகுதியை எழுதும்போது சில பெயர்கள் மேலே வரும்: உங்களால் ஏமாற்றப்பட்டவர்கள், உங்களுக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வராதவர்கள், உங்களிடம் திட்டும் அடியும் வாங்கியவர்கள். மறுநாளே இந்தப் படியைத் தொடங்குங்கள், இதற்குத்தான் காலம் பிடிக்கும்.

லூக்கா 19-ல் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்ததால் இரட்சிக்கப்படவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வந்ததால் கொடுத்தான். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஆனால் கொடுத்தான் என்பதும் நிஜம். முதுநகர் துறைமுகத்தில் மீன் எடையில் அடித்தவர் "கர்த்தர் என்னை மன்னித்தார்" என்று மைக்கில் சொல்லும்போது, எடை குறைந்து வாங்கியவர் கீழே நின்று கேட்டால் அவருக்கு என்ன தோன்றும்? மொத்தத்தையும் உடனே கொடுக்க முடியாவிட்டால் போய்ப் பார்த்து, "இவ்வளவு தர வேண்டியிருக்கு, மாசாமாசம் தர்றேன்" என்று சொல்லிவிட்டு முதல் தவணையைக் கொடுங்கள்.

ஒருவருக்கு உங்களால் பெரிய கொடுமை நடந்திருந்தால், மன்னிப்புக் கேட்கிறேன் என்று நேரே அவர் வாசலில் போய் நிற்காதீர்கள். உங்களைப் பார்ப்பதே அவருக்குப் பயமாக இருக்கலாம். முதலில் போதகரிடம் பேசுங்கள். சட்டப்படி குற்றமான ஒன்று என்றால் வழக்கறிஞரிடமும் பேசுங்கள்.

8. மற்றவர்களைப் பற்றிய வரிகளை அடியுங்கள்

எழுதியதை முழுக்கப் படித்து, பிறர் பெயர் வரும் இடமெல்லாம் பேனாவால் அடியுங்கள். பிறகு ஒவ்வொன்றைப் பற்றியும் உங்களையே கேளுங்கள்: இவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்வேனா? மனைவியின் பழைய வாழ்க்கை, தம்பியின் குடி, மாமியாரின் சண்டை எல்லாம் அவர்களுடைய கதைகள். சேர்க்க வேண்டுமானால் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அடி வாங்கியவர்கள், சிறுவயதில் சீரழிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதை மேடையில் சொல்ல வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடலாம். அது நீங்கள் செய்த பாவம் இல்லை, அதனால் மனந்திரும்புதலில் அதற்கு இடமும் இல்லை.

முன்பு கும்பிட்ட தெய்வங்களைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள். உங்கள் அம்மா, அத்தை, சித்தப்பா எல்லாம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எபேசுவில் பெரிய கலகம் நடந்தபோது அந்தப் பட்டணத்து அதிகாரியே எழுந்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). பவுலின் தோழர்கள் அந்த ஊரில் வாங்கியிருந்த பெயர் அது. இயேசு யார் என்று சொல்லுங்கள், ஒப்பீடு வேண்டாம்.

9. சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள்

இப்போது முன்பு, மீட்பு, பின்பு என்று வரிசை மாற்றி எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு நோட்டில் இரண்டு பக்கம் போதும். மீட்புப் பகுதி மற்ற இரண்டையும்விடக் குறையக் கூடாது.

சபைக்கு வராத ஒருவரிடம் படித்துக்காட்டுங்கள். "பாரம் வந்தது", "அபிஷேகம் இறங்கியது", "இரத்தக் கோட்டைக்குள் வந்தேன்" போன்ற இடங்களில் அவர் முகம் மாறும். அங்கே சாதாரணத் தமிழில் மாற்றுங்கள். வசனம் ஒன்று போதும், மனப்பாடமாக.

10. சொல்லும் நாளில்

தேவனாம்பட்டினம் கடலில் ஞானஸ்நானம் என்றால் சாட்சியைச் சபையிலேயே சொல்லிவிட்டுப் போகும்படி போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றிலும் அலையிலும் ஒரு வார்த்தை கேட்காது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது தொட்டிதான் நல்லது.

தாளைக் கையில் வைத்துக்கொள்ளலாம், யாரும் குறையாக நினைப்பதில்லை. அழுகை வந்தால் நின்று, மூச்சு வாங்கிவிட்டுத் தொடருங்கள். அந்த நேரத்தில் எழுதாத கதை ஒன்று நினைவுக்கு வரும், அதை விட்டுவிடுங்கள்.

வீடியோ எடுக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு முறை போனால் திரும்ப எடுக்க முடியாது. வேலை செய்யும் இடம், பிள்ளைகளின் பள்ளி, எங்கும் போகும். வேண்டாம் என்றால் போதகரிடம் சொல்லுங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

11. சொன்ன பிறகு

சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் ஒதுக்குப்புறமாக வந்து, "எங்க வீட்லயும் இதே பிரச்சினதாங்க" என்று தொடங்குவார். உங்கள் கதையை மறுபடி ஆரம்பிக்காதீர்கள். அவர் பேசட்டும். போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து சேர்ந்து வாசியுங்கள். அவர் பெண் என்றால் சபையிலிருந்து ஒரு அக்காவை அனுப்புங்கள்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருடம் அதே நாளில் எடுத்து, "பின்பு" பகுதியை மட்டும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அதற்கும் வீட்டில் உள்ள அதே ஆளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.